சேர் பொன்னம்பலம் அருணாசலம்

சேதுக்கரைக்கு இலங்கை மிக அணித்து. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமே உடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இச்சிறு கடலைக் கடந்து சென்ற ஏழைகள் பல்லாயிரவர். மழை பொய்த்த காலங்களில், இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளிப் பகுதிகளைச் சேர்ந்த உழவுக்குடிகள் கங்காணியின் பின் சென்று, தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் முதலிய துறைகளில் தோணி ஏறினர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடிக் கப்பலும் வந்தபின் வழி எளிதாயிற்று. பிற்காலத்தோர் மண்டபத்து முகாமில் சில நாள் தங்கி நோய்ச்சோதனை முடிந்து கப்பல் ஏறினர். ஆயினும் மலைநாட்டுத் தோட்டங்களில் அவர்களை எதிர்நோக்கியிருந்த சட்டம் எளிதாகவில்லை. அதனை ஒழிக்க முனைந்தோருள் முதல்வராக எண்ணத்தக்கவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் ஆவார்.

இவர் 1853ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார். தாயார் செல்லாச்சி அம்மையார். சேர் முத்துக்குமாரசுவாமி இவருடைய தாய்மாமன். சேர் பொன்னம்பலம் இராமநாதன் இவருடைய தமையனார். கொழும்புக் கல்விக்கழகத்தில் பயின்று பரிசும் புகழும் பெற்ற அருணாசலம், 1870இல் உதவிச்சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார்.

கேம்பிரிட்ஜ், பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய பல்கலைக்கழகம். இவர் சேர்ந்த கிறைஸ்ட் கல்லூரி 1505இல் நிறுவப்பெற்றது. மில்ட்டனும் டார்வினும் பயின்ற இடம் அதுவே. அக்காலத்துக் கேம்பிரிட்ஜில் அறநூலையும் அரசியற் பொருள்நூலையும் ஒரே தேர்வின் உறுப்புகளாக வைத்திருந்தனர். அருணாசலம் அத்தேர்வை எடுக்கவில்லை. கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களிலும் கணிதத்திலுமே சிறந்து விளங்கினார். எனினும், கிரேக்கம் கற்பவர் பிளேட்டோவைக் கல்லாதிருத்தல் அரிது. மெய்ப்பொருள் யாது என்னும் வினாவையும் நல்லரசு யாது என்னும் வினாவையும் பிரிக்காமல் ஆராய்ந்தவர் அப்பேரறிஞர். நம் நாட்டிலும் அறம், பொருள், இன்பம், வீடு என்பன ஒரு வரிசையில் வைத்து எண்ணப்பட்டனவே அன்றோ!

கேம்பிரிட்ஜில் எட்வர்டு கார்ப்பெண்டர் என்னும் இளைஞர் இவருக்கு நண்பரானார். சமயக்குருவாய் இருந்த அவர் 1874இல் அப்பதவியைத் துறந்து, பின்னாளில் உழைப்பாளர் பக்கம் நின்ற எழுத்தாளராய்ப் பெயர் பெற்றார். இலங்கை திரும்பிய அருணாசலம் பகவத்கீதையின் மொழிபெயர்ப்பு ஒன்றை அவருக்குக் கிடைக்கச் செய்தார். மனிதர் அனைவரும் நிகர் என்று முழங்கும் அவருடைய பெருநூல் அந்நூலைப் படித்த ஊக்கத்தினால் உருப்பெற்றது. ஞானநூல் ஒன்று மேலைநாட்டு அரசியல் எழுத்துக்கு வித்தாயிற்று! 1890இல் கார்ப்பெண்டர் இலங்கைக்கு வந்தபோது, தம் ஞானாசிரியரிடமே அவரை அழைத்துச் சென்று பாடம் கேட்கச் செய்தார் அருணாசலம்.

1875இல் போட்டித் தேர்வு எழுதி இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் இவரே. நடுவராகவும், பதிவாளர் தலைவராகவும் நெடுங்காலம் பணிபுரிந்தார். 1901ஆம் ஆண்டுக் குடிமதிப்பு இவர் மேற்பார்வையில் நடைபெற்றது. இலங்கையின் மக்கள்தொகை 35 இலட்சத்து 65 ஆயிரத்துக்கு மேற்பட்டது என அது காட்டிற்று. அவருள் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் தோட்டங்களில் வாழ்ந்தவர். எண்ணிக்கையாய் வந்தவர்களை மனிதராய்க் கண்டார் அருணாசலம்.

அம்மனிதரின் நிலை யாது? தொழிலாளி ஊரைவிட்டுப் புறப்படும்போதே கங்காணியிடம் முன்பணம் பெற்றுக் கடனாளி ஆவான். அக்கடன் தொகை துண்டு என்னும் சீட்டில் எழுதப்படும். அச்சீட்டின்றி வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. புதிய தோட்டத்தார் பழைய கடனைச் செலுத்தி அவனை ஏற்பர். கடனோ அவன் தலைமேலேயே வளரும். சொல்லாமல் வெளியேறினால் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறை. ஒப்பந்தம் மீறிய முதலாளியிடம் இழப்பீடு கேட்கலாம். தொழிலாளி மீறினால் குற்றவாளி. இஃது என்ன நீதி?

1913இல் ஓய்வு பெற்ற அருணாசலம், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சிவஞானம் ஆராய்ந்திருக்கலாம். யாரும் குறை கூறியிரார். அவரோ சிறைவிதியை எதிர்த்து அரசினர்க்கு முறையீடுகள் எழுதினார். 1915இல் சமூக சேவைக் கழகத்தையும், 1919இல் தொழிலாளர் நலச் சங்கத்தையும் நிறுவினார். இந்திய அரசின் வற்புறுத்தலும் உடன்சேர, 1921இல் துண்டுமுறை சட்டத்தால் நீக்கப்பெற்றது. சிறைவிதிகளும் அதனை அடுத்து மறைந்தன. இவர் பெயரை அறியாமலே இவரால் விடுதலை பெற்ற சேதுநாட்டுக் குடும்பங்கள் பலவாம்.

1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசு தோன்றியபோது இவரே முதல் தலைவர். சிங்களரும் தமிழரும் ஒருங்கே ஏற்ற தலைமை அது. மேல்மாகாணத் தமிழர்க்கு உறுதி கூறப்பட்ட இடம் மறுக்கப்படவே, 1921இல் அதனின்றும் விலகினார். தாம் எழுப்பிய வீட்டைத் தாமே நீங்கும் துயரம் சிறிதன்று. இலங்கைக்குத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டுமென 1906 முதல் இவர் செய்த முயற்சியோ வீண்போகவில்லை. 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பெற்றது. அது 1942இல் பல்கலைக்கழகமாயிற்று.

இத்தனை அலுவல்களுக்கிடையே திருவாசகப் பாக்களை ஆங்கிலமாக்கினார். முருக வழிபாட்டைப் பற்றி ஆய்வுரை எழுதினார். முதுமையில் தென்னாட்டுத் தலங்களை வழிபட வந்தவர், 1924ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள் மதுரையில் இயற்கை எய்தினார். மூன்றாண்டு கழித்து, ஞானம் குறித்து இவர் எழுதிய கடிதங்களைத் தொகுத்து இலண்டனில் நூலாக வெளியிட்டவர், முதுமையுற்றிருந்த அந்தக் கேம்பிரிட்ஜ் நண்பரே.