தத்துவ போதகர் காட்டிய வழியும் விட்டுச் சென்ற பாடமும்



நமது யூபிலி மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டனர். மதுரை மண்ணில் திருமறை வேரூன்றக் காரணமாயிருந்த இராபர்ட் தெ நொபிலி சுவாமிகளைத் தேர்ந்துகொண்டேன். தத்துவ போதகர் என்று நம் முன்னோர் அழைத்தது இவரைத்தான். அவரிடம் நாம் கற்கவேண்டியது ஒன்று உண்டு. அவரைக் கண்டு எச்சரிக்கை அடையவேண்டியதும் ஒன்று உண்டு.

நொபிலி 1577-ம் ஆண்டு இத்தாலியில் உயர்குடியில் பிறந்தவர். கர்தினால் பெல்லார்மின் அவருக்கு உறவினர். வீட்டாரின் விருப்பத்திற்கு மாறாகச் சேசு சபையில் சேர்ந்து, 1605-ல் கோவா வந்து, 1606-ல் மதுரை சேர்ந்தார்.

கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற சேசு சபைக் குரு 1595 முதலே அங்கு உழைத்து வந்தார். கடற்கரையிலிருந்து வந்து தங்கிய பரதவர் கிறிஸ்தவர்களை அவர் அன்போடு பேணினார். ஆனால் மதுரை நகரத்தாரை அவரால் திருமறைக்குக் கொண்டுவர முடியவில்லை. கிறிஸ்துவை ஏற்பது என்றால் பரங்கியாக மாறுவது என்றே மக்கள் எண்ணினர். பரங்கியரின் உணவும் குடியும் நடையுடையும் அவர்களுக்கு அருவருப்பாயிருந்தன. விசுவாசம் வேறு, அதைக் கொண்டுவந்தவரின் பழக்கவழக்கம் வேறு என்பதை யாரும் பிரித்துக் காட்டவில்லை.

நொபிலி அதைச் செய்தார். காவி உடுத்தார். ஒரு வேளை மரக்கறி உணவோடு நிறுத்திக்கொண்டார். தமிழும் தெலுங்கும் கற்றார். சிவதருமர் என்ற பிராமணரிடம் வடமொழி பயின்றார். குடுமி, பூணூல், சந்தனம், நீராடல் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். இது வழிபாட்டைச் சேர்ந்ததா, குலத்தையும் நிலையையும் காட்டும் சமூக வழக்கமா என்று கேட்டார். வழிபாடானதை விலக்கினார், வழக்கமானதை வைத்துக்கொள்ள அனுமதித்தார். மறையுண்மைகளைத் தமிழ் உரைநடையில் விரித்து எழுதினார்.

அவருடைய முறையைக் குறித்துப் பெர்னாண்டஸ் சுவாமி மேலிடத்தில் முறையிட்டார். 1619-ல் கோவாவில் கூடிய அவையில் கடும் எதிர்ப்பு எழுந்தது. வழக்கு உரோமைக்குப் போயிற்று. 1623 ஜனவரி 31 அன்று பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் சில நிபந்தனைகளோடு நொபிலியின் முறைக்கு இடமளித்தார். நுட்பமாகப் பகுத்தறியும் ஆற்றலுக்குக் கிடைத்த வெற்றி இது.

ஆனால் வரலாறு இத்துடன் முடியவில்லை. உயர்குலத்தாரின் மதிப்பை இழக்காதிருக்க, நொபிலி பெர்னாண்டஸ் சுவாமியிடமிருந்தும் அவருடைய எளிய மக்களிடமிருந்தும் விலகி வாழ்ந்தார். ஒரே மதுரையில் இரு கோயில்கள், இரு கிறிஸ்தவக் கூட்டங்கள். ஐரோப்பாவில் பிரபுக்களும் குடியானவர்களும் இருப்பதுபோல இங்கே சாதி இருக்கிறது, அதுவும் சமூக வழக்கமே என்று அவர் கருதினார்.

இங்கேதான் அவருடைய பகுத்தறிவு பாதி வழியில் நின்றுவிட்டது என்பது என் எண்ணம். சந்தனம் பூசிக்கொள்கிறவர் தம் நெற்றியில் பூசிக்கொள்கிறார். அதனால் அடுத்தவருக்குக் குறைவில்லை. தீண்டாமையோ அடுத்தவரின் நெற்றியில் இழிவை எழுதுகிறது. இரண்டையும் வழக்கம் என்ற ஒரே பெட்டியில் போடலாமா? வழிபாடா வழக்கமா என்று கேட்டவர், இந்த வழக்கம் யாரைத் தாழ்த்துகிறது என்றும் கேட்டிருக்க வேண்டும். பாப்பரசரின் அதே ஆணையிலும் இதற்கான எச்சரிக்கை இருந்தது: உயர்குலத்தார் எளியோரை இகழவேண்டாம், இறைவார்த்தை கேட்பதிலும் தேவதிரவிய அனுமானங்களைப் பெறுவதிலும் ஒதுங்கி நிற்கவேண்டாம் என்று அவர் வருந்திக் கேட்டிருந்தார். அனுமதியைப் பற்றிக்கொண்டோம்; புத்திமதியை மறந்தோம்.

தம் முறையின் எல்லையை நொபிலியின் காலத்திலேயே சபையார் உணர்ந்தனர். சந்நியாசி கோலத்தில் இருப்பவர் எளியோரிடம் வெளிப்படையாகச் செல்ல இயலாததால், 1640 முதல் பண்டாரசுவாமிகள் என்ற இன்னொரு வகைக் குருக்கள் பணியில் இறங்கினர். பால்தசார் த கோஸ்தா அவர்களில் முதல்வர். அவர்களால் பல குல மக்களையும் அணுக முடிந்தது. நொபிலியோ முதுமையில் பார்வை மங்கி, யாழ்ப்பாணம் சென்று, பின் மயிலாப்பூர் வந்து, 1656 ஜனவரி 16 அன்று இறைவனடி சேர்ந்தார்.

ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுக்குப் பின் அவரைக் குறைகூறுவது எளிது. நாம் எப்படி என்பதே கேள்வி. நான் முன்பு பணியாற்றிய ஓர் ஊரில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் ஒன்று நின்றது. இரு பக்கமும் ஒரே சிலுவை, ஒரே மன்றாட்டு. நான் இருந்த ஆண்டுகளில் அதை இடிக்க எனக்குத் துணிவு வரவில்லை. இதை எழுதும்போதும் வெட்கப்படுகிறேன். 2003-ல் தமிழகத்து ஆயர்களிடம் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசியபோது, அந்தச் சுவர்தான் என் நினைவுக்கு வந்தது.

நம் பகுதி மக்களுக்குத் தரம் பிரிக்கும் கலையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏலக்காயைக் கையில் எடுத்ததும் பருமனையும் பச்சையையும் பார்த்து ரகம் சொல்லுகிறவர்கள் நீங்கள். அந்தக் கூரிய கண் இறைவன் தந்த கொடை. அதை நன்மை தீமையைப் பிரிக்கவும், பக்தியையும் பகட்டையும் பிரிக்கவும், பழக்கத்தையும் பாவத்தையும் பிரிக்கவும் பயன்படுத்துவோம். மனிதரை ரகம் பிரிக்க அது நமக்குத் தரப்படவில்லை. தேர் இழுக்கும் வடத்திலும், திருப்பந்தியிலும், கல்லறையிலும் பிரிவு இல்லாத பங்காக நாம் விளங்கினால், அதுவே யூபிலிக்கு நாம் எழுப்பும் உண்மையான நினைவுச் சின்னம்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குத் தந்தை