வாட்ஸ்அப் வருவதற்கு முன்பே பிரைவசிக்காக நின்ற நீதிபதி: யார் இந்த சுப்பா ராவ்?

உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங் மீது 1941-ல் ஒரு கொள்ளை வழக்கு. ஆதாரம் இல்லாததால் அவர் விடுவிக்கப்பட்டார். கதை அதோட முடியல. போலீஸ் அவர் பெயரில் ‘ஹிஸ்டரி ஷீட்’ திறந்தது. ராத்திரியில் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவது, எங்கே போகிறார் என்று நோட்டம் விடுவது எனக் கண்காணிப்பு தொடர்ந்தது. கரக் சிங் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

அந்த வழக்கை விசாரித்த ஆறு நீதிபதிகளில் ஒருவர்தான் கோகா சுப்பா ராவ்.

சென்னையில் தொடங்கிய பயணம்

1902 ஜூலை 15-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் ராஜமுந்திரியில் பிறந்தவர். சென்னை சட்டக் கல்லூரியில் படித்து வக்கீலாகி, 1948-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1954-ல் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. 1958-ல் உச்ச நீதிமன்றம்.

1962-ல் என்ன நடந்தது?

டிசம்பர் 18-ல் தீர்ப்பு வந்தது. ராத்திரியில் வீடு புகுவது மட்டும் தப்பு, மற்ற கண்காணிப்பு ஓகே, பிரைவசி என்பது அடிப்படை உரிமையே இல்லை என்றனர் நான்கு நீதிபதிகள்.

சுப்பா ராவ் ஒத்துக்கல. நீதிபதி ஜே.சி. ஷாவும் அவர் பக்கம். யாரோ எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருந்தால், ரோட்டில் தடையின்றி நடந்தாலும் ஒருவர் சுதந்திரமானவர் கிடையாது; அந்தப் பயமே மனதுக்கு விலங்கு என்பது அவர் வாதம். தனி மனித சுதந்திரத்தைச் சொல்லும் 21-வது பிரிவுக்குள் பிரைவசியும் அடக்கம் என்றார். போலீஸ் காட்டியது நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றிய சட்டம் அல்ல, துறையின் உள்விதிதான். அதனால் மொத்தக் கண்காணிப்பும் செல்லாது என்றார். ஆனால், 4-2 கணக்கில் அவர் தரப்பு தோற்றது.

தோல்விக்குப் பிறகு

1966-ல் இந்தியாவின் தலைமை நீதிபதியானார். 1967 ஏப்ரலில் பதவி விலகி, எதிர்க்கட்சிகளின் வேட்பாளராகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று, ஜாகிர் உசேனிடம் தோற்றார். எமர்ஜென்சி காலத்தில், சட்டவிரோதமாகக் கைது செய்தாலும் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று 1976 ஏப்ரல் 28-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எட்டே நாளில், மே 6-ல், சுப்பா ராவ் காலமானார்.

2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, பிரைவசி அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 1962-ன் பெரும்பான்மைக் கருத்தும் 1976 தீர்ப்பும் ரத்தாகின. சுப்பா ராவ் சொன்னதே சட்டமானது.

சரி, இதுக்கும் நம்ம போனுக்கும் என்ன சம்பந்தம்?

அவர் பதவி விலகிய அதே 1967-ல் வந்ததுதான் உபா சட்டம். 2004-ல் பயங்கரவாதக் குற்றங்கள் அதில் சேர்ந்தன. ஒட்டுக்கேட்ட உரையாடலை ஆதாரமாக ஏற்கும் 46-வது பிரிவும் அப்போதே வந்தது. போனை ஒட்டுக்கேட்க வழக்கமாக உத்தரவிடுபவர் உள்துறைச் செயலாளர். சரிபார்ப்பதும் அதிகாரிகள் குழுதான். நீதிபதியின் முன் அனுமதி தேவையில்லை.

பயங்கரவாதத்தைத் தடுக்கக் கண்காணிப்பு தேவைதான். ஆனால் 2017 தீர்ப்பின்படி, அதற்குச் சட்டம் இருக்கணும், நியாயமான நோக்கம் இருக்கணும், தேவைக்கு மேல் போகக் கூடாது. உங்களைக் கண்காணித்தால், இந்த மூன்றையும் கோர்ட்டில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கரக் சிங்குக்குக் கிடைக்காத உரிமை அது.