எம்.கே. நம்பியார் – தோற்ற கேஸில் ஜெயித்த வக்கீல்

எர்ணாவூரில் பஸ் ஏறி பாரிமுனையில் இறங்குகிற நம்மில் பலர் ஹைகோர்ட்டின் சிவப்புக் கட்டடத்தைத் தாண்டித்தான் போயிருப்போம். அங்கே தொழில் செய்து, டெல்லி சுப்ரீம் கோர்ட் வரை பேர் வாங்கியவர் திரு. எம்.கே. நம்பியார் அவர்கள் (1898–1975). நம்பியார் என்றதும் நமக்கு எம்.ஜி.ஆர். பட வில்லன்தான் ஞாபகம் வருவார். ஆனால் சட்டக் கல்லூரி மாணவர்களைக் கேளுங்கள், அரசியல் சட்ட வகுப்பில் அவர்கள் முதலில் படிப்பதே இந்த நம்பியார் தோற்ற கேஸ்தான்!

மங்களூரில் வக்கீலாக இருந்து பிறகு சென்னைக்கு வந்தவர் அவர். 1950 ஜனவரி 26-ல் அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. அடுத்த மாதமே தடுப்புக் காவல் சட்டமும் வந்துவிட்டது. விசாரணையே இல்லாமல் ஆளை உள்ளே வைக்கலாம். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் 1947 டிசம்பரிலிருந்தே சிறையில்தான் இருந்தார். மார்ச் 1-ல் புதுச் சட்டத்தின்படி அவருக்கு மறுபடி ஒரு ஆர்டர். அவர் நேராக சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். வாதாடியவர் நம்பியார், கூட நின்றவர்களில் ஒருவர் நம்ம மெட்ராஸ் வக்கீல் வி.ஜி. ராவ்.

21-வது ஷரத்து, சட்டம் வகுத்த நடைமுறைப்படி இல்லாமல் யாருடைய உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது என்கிறது. பார்லிமெண்ட் போட்ட எந்தச் சட்டமானாலும் போதும் என்றது அரசு. அந்த நடைமுறை நியாயமாகவும் இருக்கணும், 19, 21, 22 மூன்றையும் சேர்த்தே படிக்கணும் என்றார் நம்பியார். நம்ம பாஷையில் சொன்னால், ஒவ்வொரு தூணையும் தனித்தனியாகக் கணக்குப் போடுவதா, முழு ஃபிரேமாகப் பார்ப்பதா என்கிற சண்டை.

மே 19-ல் தீர்ப்பு. ஆறு நீதிபதிகளில் பெரும்பான்மையினர் தனித்தனித் தூண்தான் என்று சொல்லிவிட்டார்கள். அவர் வாதத்தை முழுசாக ஏற்றவர் பசல் அலி ஒருவரே. காவலுக்கான காரணத்தைக் கைதி கோர்ட்டில்கூட வெளியிடக் கூடாது என்ற 14-வது பிரிவு மட்டும் செல்லாமல் போச்சு. கோபாலன் சிறையிலேயே இருந்தார்.

1967-ல் கோலக்நாத் வழக்கு. அரசியல் சட்டத்தைத் திருத்தும் அதிகாரத்துக்கே உள்ளார்ந்த வரம்பு உண்டு என்று வாதாடினார். ஜெர்மன் பேராசிரியர் டீட்ரிச் கான்ராட் 1965-ல் பனாரஸில் பேசிய ஒரு சொற்பொழிவிலிருந்து எடுத்துக்கொண்ட யோசனை அது. எங்கேயோ நடந்த பேச்சைத் தேடிப் பிடித்து கோர்ட்டுக்குக் கொண்டுவந்தாரே, அதுதான் எனக்கு ஆச்சரியம்! அன்று நீதிபதிகள் அதில் முடிவு சொல்லவில்லை. 1973-ல் கேசவானந்த பாரதி வழக்கில், அடிப்படைக் கட்டமைப்பு என்ற பெயரில் 7-க்கு 6 என்று அந்தக் கருத்து நிலைத்தது.

எமர்ஜென்சி வந்த 1975-லேயே நம்பியார் காலமானார். 1978 ஜனவரி 25-ல் மேனகா காந்தி பாஸ்போர்ட் வழக்கில், நடைமுறை நியாயமாக இருக்க வேண்டும், ஷரத்துகளைச் சேர்த்தே படிக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதைக் கேட்க கோபாலனும் இல்லை. அவர் 1977 மார்ச்சிலேயே போய்விட்டார்.