வைத்திய கலாநிதி மேரி றட்ணம்: நம்பிக்கையை விதைத்த அம்மையார்

எமது சங்கம் தோன்றிய காலத்தில் இந்நாட்டுப் பெண்களுக்கு வாக்குரிமை இருக்கவில்லை. எம் பாட்டிமாரில் பலர் பாடசாலைப் படிப்பை முடித்தபின்பும் நாலு பேர் கூடிய இடத்தில் எழுந்து பேசியதில்லை. அக்காலத்திலே பெண்களை எழுந்து பேசவும், ஒன்றுகூடிச் செயலாற்றவும் பழக்கியவர்களுள் முன்வரிசையில் நின்றவர் வைத்திய கலாநிதி மேரி றட்ணம் அம்மையார். நூற்றாண்டு மலரிலே அவரை நினைவுகூருவது எமது கடமை எனக் கருதுகின்றேன்.

மேரி ஐர்வின் என்ற இயற்பெயருடைய அம்மையார் 1873ஆம் ஆண்டு கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே பிறந்தார். பெண்கள் மருத்துவம் கற்பதை ஊரார் புதினமாகப் பார்த்த காலத்தில் ரொறன்ரோவில் மருத்துவம் பயின்று பட்டம் பெற்றார். யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு வைத்தியம் செய்யவென அமெரிக்க மிஷன் அவரைத் தெரிவுசெய்தது. 1896ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அவர், அதற்கு முன்னரே சாமுவேல் கிறிஸ்மஸ் கனகறட்ணம் என்ற தமிழரைத் திருமணம் செய்திருந்தார்.

அந்தத் திருமணமே அவருக்கு முதற் சோதனையாயிற்று. வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி உள்ளூர்வாசி ஒருவரை மணம் புரிந்ததை அன்றைய மிஷனரி வட்டாரம் ஏற்றுக்கொள்ளவில்லை. எந்தப் பணிக்காகக் கடல் கடந்து வந்தாரோ அந்தப் பணியே அவருக்கு மறுக்கப்பட்டது. இருபத்துமூன்று வயது. அந்நிய நாடு. வேறொருவராக இருந்தால் அடுத்த கப்பலில் ஊருக்குத் திரும்பியிருக்கக்கூடும். அம்மையார் திரும்பவில்லை. கொழும்புக்கு வந்து, பெண்களுக்கான ஹவ்லொக் சீமாட்டி வைத்தியசாலையில் சிறிது காலம் கடமையாற்றினார். பின்னர் சொந்தமாக வைத்தியத் தொழிலை நடத்தினார். கணவரின் நாட்டையே தன் நாடாகக் கொண்டு, அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இம்மண்ணிலே வாழ்ந்தார்.

ஆண் வைத்தியரிடம் செல்லத் தயங்கிய பெண்கள் அவரைத் தேடி வந்தனர். அவர்களிடம் அவர் கண்ட நோய்களிற் பல மருந்தினால் மாத்திரம் தீர்பவையல்ல. அசுத்தமான தண்ணீர், போஷாக்கற்ற உணவு, பிள்ளை வளர்ப்புப் பற்றிய அறியாமை என்பனவே அவற்றின் வேர்கள். இதனாலேதான் அவரது வைத்தியம் பெண்களை ஒன்றுகூட்டும் பணியாக விரிந்தது. 1904ஆம் ஆண்டில் இலங்கைப் பெண்கள் சங்கத்தை அமைப்பதில் முன்னின்று உழைத்தார். 1909ஆம் ஆண்டில் கொழும்பில் உருவாகிய தமிழ்ப் பெண்கள் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள்ளும் அவர் ஒருவர். தமிழிசையையும் கலைகளையும் வளர்த்துவரும் அச்சங்கம் இன்றும் இயங்கி வருவதை எம்மிற் பலர் அறிவோம். பாடசாலைப் பிள்ளைகளுக்கெனச் சுகாதார நூலையும், மனையியல் கைந்நூலையும் அவர் எழுதினார்.

1927ஆம் ஆண்டில் அரசியற் சீர்திருத்தத்தை ஆராய டொனமூர் ஆணைக்குழு வந்தபோது, பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவாகியது. அக்னஸ் டி சில்வா முதலியோருடன் மேரி றட்ணம் அம்மையாரும் அதில் முக்கிய பங்கு வகித்தார். சிங்களவர், தமிழர், பறங்கியர் என வேறுபாடின்றிப் பெண்கள் கூடி ஆணைக்குழுவின் முன் தம் கோரிக்கையை வைத்தனர். பெண்களுக்கு வாக்கு எதற்கு என்று கேட்ட ஆண் தலைவர்கள் அன்று பலர் இருந்தனர். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாத்திரம் வாக்களிக்கும் உரிமை வழங்கலாம் என்றே ஆணைக்குழுவும் முதலில் விதந்துரைத்தது. எனினும் முடிவில், ஆண்களைப் போலவே இருபத்தொரு வயதான பெண்களும் 1931ஆம் ஆண்டு முதல் வாக்களிக்கும் உரிமையைப் பெற்றனர்.

உரிமை கிடைத்தது. ஆனால் உரிமையைப் பயன்படுத்தும் துணிவு எங்கிருந்து வரும்? கொழும்பு மண்டபங்களில் ஆங்கிலத்தில் வாதாடிய பெண்களுக்கு அது இருந்தது. கிராமத்திலே விறகும் தண்ணீரும் சுமந்த பெண்ணுக்கு? இந்த இடைவெளியை அம்மையார் நன்கு உணர்ந்திருந்தார். அதற்கு அவர் கண்ட விடைதான் 1930ஆம் ஆண்டில் அமைத்த லங்கா மகிளா சமிதி.

இவ்வமைப்புக்கு இரண்டு முன்மாதிரிகள் இருந்தன. ஒன்று, அவர் பிறந்த ஒன்ராறியோவிலே, 1897இல் ஸ்ரோனி கிறீக் என்ற ஊரில் தொடங்கிய கிராமப் பெண்கள் கழகம். மற்றது, வங்காளத்திலே சரோஜ் நளினி தத் அம்மையார் வளர்த்த மகிளா சமிதிகள். இரண்டிலும் கண்டவற்றை எமது நாட்டுக் கிராமங்களுக்கு ஏற்றவாறு அவர் அமைத்துக்கொண்டார். இன, மத, சாதி பேதமின்றிக் கிராமப் பெண்கள் ஒன்றுகூடினர். நெசவு, தையல், வீட்டுத்தோட்டம், கோழி வளர்ப்பு, சிசு பராமரிப்பு, சுகாதாரம் ஆகியவற்றைப் பழகினர்.

இவற்றைக் கற்பிக்க வெளியூரிலிருந்து ஓர் ஆசிரியையை அனுப்பினாற் போதுமே என்று எண்ணத் தோன்றும். அம்மையாரின் அணுகுமுறை அதுவன்று. சமிதியின் தலைவி, செயலாளர், பொருளாளர் எல்லோரும் அந்தக் கிராமத்துப் பெண்களே. கூட்டத்தை நடத்துவதும் கணக்கைப் பார்ப்பதும் அவர்கள் பொறுப்பே. ஒருவருக்கு நம்பிக்கை ஊட்ட வேண்டுமாயின் புத்திமதி சொல்வதை விடப் பொறுப்பைக் கையிற் கொடுப்பதே சிறந்தது என்பதை அவர் செயலிற் காட்டினார். நேற்றுவரை அடுப்படியை விட்டு வெளியே வராதவள், சமிதியின் காசுக் கணக்கை எல்லோர் முன்னிலையிலும் வாசித்து முடித்தபின் பழைய ஆளாக இருப்பாளா? கிணற்றைச் சுத்தமாக வைத்திருப்பது பற்றியும் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவது பற்றியும் அவள் பேசினால் அயலவரும் செவிசாய்ப்பர். காலப்போக்கில் சமிதிகள் நாட்டின் பல பாகங்களுக்கும் பரவின.

1937ஆம் ஆண்டில், அறுபத்துநாலு வயதில், கொழும்பு மாநகரசபைத் தேர்தலிற் போட்டியிட்டு வென்று, அச்சபைக்குத் தெரிவான முதற் பெண்மணியானார். ஆயினும் தேர்தல் விதி நுணுக்கம் ஒன்றினால் அப்பதவி அவரிடம் நீண்டநாள் நிலைக்கவில்லை. அதற்காக அவர் ஓய்ந்துவிடவில்லை. பதவி போனாலும் பணி இருந்தது. சமிதிகளையும் பெண்கள் இயக்கத்தையும் தொடர்ந்து கட்டிவளர்த்தார்.

1958ஆம் ஆண்டில், அம்மையாரின் எண்பத்தைந்தாவது வயதில், ஆசியாவின் பெரும் கௌரவமான ரமோன் மக்சேசே விருது பொதுச்சேவைக்காக அவருக்கு வழங்கப்பட்டது. ஒரு தனிமனுஷி ஒரு நாட்டுக்குச் செய்த சேவைக்குக் கிடைத்த கௌரவம் அது. 1962ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

அவரது வாழ்க்கையை எண்ணும்போது எமது பாடசாலை நாட்களே என் நினைவுக்கு வருகின்றன. காலைக் கூட்டத்தில் கைகால் நடுங்க எழுந்து நின்று நாம் ஆற்றிய முதற் பேச்சு, இல்லத் தலைவியாக எமக்குக் கிடைத்த சிறிய பொறுப்பு, அதை ஒப்படைத்த ஆசிரியையின் முகம். அன்று ஒருவர் எம்மை நம்பியதாலேயே நாம் எம்மை நம்பத் தொடங்கினோம். அவ்வாய்ப்புக் கிடைக்காத பெண்பிள்ளைகள் இன்றும் எம் அயலிலே இருக்கின்றனர். அவர்களுக்குப் புலமைப்பரிசில் கொடுப்பது நல்லதே. அதனுடன், எமது சங்கத்தின் அடுத்த நிகழ்வை நடத்தும் பொறுப்பையும் அவர்களிடம் கொடுத்துவிட்டு, நாம் பின்வரிசையில் அமர்ந்திருப்போமா? மேரி றட்ணம் அம்மையாருக்கு நாம் செலுத்தக்கூடிய சிறந்த அஞ்சலி அதுவாகவே இருக்கும்.