ஜான் ஆலன்

ஜான் ஆலன் (ஜூலை 2, 1913 – ஜனவரி 6, 1973) ஓர் அமெரிக்க ஒளிப்படக் கலைஞரும் மாதிரித் தொடர்வண்டி அமைப்பாளரும் ஆவார். விளையாட்டுப் பொருளாகக் கருதப்பட்ட சிறு தொடர்வண்டிகளுக்கு உண்மை வண்டிகளின் தோற்றத்தை அளித்த முன்னோடிகளுள் ஒருவராக இவர் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

மிசௌரி மாநிலத்தின் ஜாப்ளின் நகரில் பிறந்த ஆலன், பின்னாளில் கலிபோர்னியாவின் மாண்டரே நகரில் வாழ்ந்தார். 1940களின் பிற்பகுதியில் கோரி அண்ட் டிஃபீட்டட் என்னும் கற்பனை இருப்புப்பாதையை அமைக்கத் தொடங்கினார். இப்பெயர், குருதி தோய்ந்தது, தோற்றது எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் ஒலியை ஒத்த நகைச்சுவைப் பெயராகும். சிறு மேசையளவில் தொடங்கிய இது, 1950களில் அவரது வீட்டின் நிலவறை முழுவதும் விரிந்தது. முதலில் செய்த சிறு அமைப்பும் இதனுள் இணைக்கப்பட்டது.

உத்திகள்

இவ்வமைப்பு எச்.ஓ. எனப்படும் 1:87 அளவைச் சார்ந்தது. பெரம்பூரில் உருவான 21 மீட்டர் நீளப் பயணியர் பெட்டி இவ்வளவில் ஏறத்தாழ 24 செ.மீ. இருக்கும்.

புதிய வண்ணப்பூச்சின் பளபளப்பே மாதிரிகளைப் பொம்மையாகக் காட்டுகிறது என்பதால், ஆலன் பெட்டிகளின் மீது துரு, புகைக்கரி, தூசி ஆகியவற்றின் சாயலை ஏற்றினார். கட்டடங்களும் வெயிலிலும் மழையிலும் நாட்பட்டவையாகவே செய்யப்பட்டன. மலைகள் தரையிலிருந்து கூரைவரை உயர்ந்தன. மறைத்து வைக்கப்பட்ட கண்ணாடிகள் இடத்தைப் பெரிதாகக் காட்டின. தொலைவில் வைத்த பொருட்களைச் சிறிய அளவில் செய்து ஆழத்தைத் தோற்றுவித்தார். இத்தனைக்கும் நடுவே, பெட்டிகளை இழுக்கும் எம்மா என்ற தொன்மாவும் (டைனோசர்) அங்கு பணியாற்றியது!

வில்லையின் துளையைச் சுருக்கிப் படமெடுத்ததால், அருகிலிருப்பவையும் தொலைவிலிருப்பவையும் தெளிவாகப் பதிந்தன. இவரது படங்கள் மாடல் ரெயில்ரோடர் இதழிலும், வார்னி என்னும் மாதிரி வண்டி நிறுவனத்தின் விளம்பரங்களிலும் வெளிவந்தன. பெட்டிகளைக் குறைந்த நகர்வுகளில் இடம் மாற்றும் டைம்சேவர் என்ற புதிரையும் இவர் உருவாக்கினார்.

மறைவு

1973 ஜனவரி 6 அன்று மாரடைப்பால் ஆலன் காலமானார். சில நாட்களிலேயே ஏற்பட்ட தீவிபத்தில் அவரது அமைப்பின் பெரும்பகுதி அழிந்தது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு உழைப்பு இன்று ஒளிப்படங்கள் வழியாகவே அறியப்படுகிறது. லின் வெஸ்ட்காட் இவரைப் பற்றி எழுதிய நூல் 1981ஆம் ஆண்டு வெளியானது. மாதிரிகளுக்குப் பழமைத் தோற்றம் அளிப்பது இன்று இத்துறையில் பொதுவான வழக்கமாகியுள்ளது.