தேசிங்கும் வாட்கல்வியும்

ஐம்பது ஆண்டு அரசிருந்தும் பெயர் மறைந்த மன்னர் உளர். ஓராண்டும் நிரம்ப ஆளாது ஊர்தோறும் பெயர் நிறுத்திய மன்னனும் உளன். அவனே செஞ்சிக்கோன் தேசிங்கு. செஞ்சியைச் சூழ்ந்த நாட்டில் அவன் காலத்துக்கும் பன்னூறாண்டு முந்திய பழமைகள் பல உள. தொண்டூர்க் குன்றிலே சமண முனிவர் தங்கிய கற்படுக்கைகளும், தமிழ்ப் பிராமி எழுத்துகளும் காணலாம். ஆயினும் செஞ்சி என்றவுடன் தமிழர் நாவில் முதற்கண் எழுவது தேசிங்கின் பெயரே. கதைப்பாடலும் தெருக்கூத்தும் அவனை வீரத்தின் வடிவாக்கிவிட்டன.

வீரன் என்று கூறிவிட்டால் எல்லாம் கூறியதாகுமா? அவன் ஏந்திய வாள் அவனுக்கு எதனைக் கற்பித்தது? எதனைக் கற்பிக்குமுன் அவன் உயிர் பிரிந்தது? இவற்றை ஆராய்வதே யாம் மேற்கொண்ட பணி.

வாட்கல்வி ஒருநாளில் முடிவதன்று. வயதுக்கேற்பவும் திறனுக்கேற்பவும் படிப்படியாக ஏறுவது. நம் நாட்டுச் சிலம்பக் கூடங்களில் ஆசான் சிறுவன் கையில் உடனே வாளைக் கொடுப்பதில்லை. முதலில் வணக்கமும் காலடியும் பயிற்றுவான். பின்பு கம்பு தருவான். கையும் கண்ணும் ஒன்றிய பின்னரே வாளும் சுருள்வாளும் தருவான். மேனாட்டு வாட்போர் விளையாட்டிலும் இம்முறையே காண்கின்றோம். நிற்கும் நிலை, முன்னேறும் அடி, பின்வாங்கும் அடி ஆகியவை முதற்பாடம். வெட்டும் குத்தும் அதன் பின்னரே. உலகப் போட்டிகளில் 17 வயதுக்குட்பட்டோர், 20 வயதுக்குட்பட்டோர், முதிர்ந்தோர் எனத் தனித்தனி வகுப்புகளும் உண்டு. 40 வயது கடந்தோர்க்கும் ஒரு வகுப்பு உண்டு. ஆகவே இக்கல்வியை மூன்று படிகளாகக் கொள்ளலாம். குழந்தை கற்பது நிற்றல். இளைஞன் கற்பது பாய்தல். முதிர்ந்தவன் கற்பது காத்தல். இம்மூன்றனுள் கடைப்படியே அரியது என்பர் அறிந்தோர்.

நிற்க. தேசிங்கின் இயற்பெயர் தேஜ்சிங் என்பது. அவன் தமிழனல்லன், வடநாட்டிலே பந்தேல்கண்டில் வாழ்ந்த இராசபுத்திர மரபினன். அம்மரபிலே பிறந்த ஆண்மகனுக்குக் குதிரையும் வாளும் இளமைத் தோழர்கள். அவன் தந்தை சொரூப்சிங்கிற்கு 1700-ஆம் ஆண்டில் முகலாயப் பேரரசன் ஔரங்கசீப்பின் ஆணையால் செஞ்சிக்கோட்டையின் தலைமை கிடைத்தது. மகனோ வடநாட்டிலேயே வளர்ந்தான்.

அவன் இளமையைக் கதைப்பாடல் தன் போக்கிலே புனைந்துரைக்கின்றது. தில்லி மன்னனிடம் எவராலும் அடக்கவியலாத குதிரை ஒன்று இருந்ததாம். பாராசாரி என்பது அதன் பெயராம். அதனை அடக்க வந்த பெருவீரர் பலர் தோற்றனராம். இளைஞனாகிய தேசிங்கு அதன்மீது தாவியேறி அதனைத் தன் வயப்படுத்தினானாம். இது வரலாறு அன்று, கதையே எனினும், அதனுள் ஓர் உண்மை பொதிந்துள்ளது. மிகமிக இளமையிலேயே வாட்கல்வியின் இரண்டாம் படியை அவன் ஏறிவிட்டான் என்பதை நாட்டு மக்கள் உணர்ந்து பாடினர். பாய்தலில் அவனுக்கு நிகர் இல்லை.

1714-ஆம் ஆண்டளவில் சொரூப்சிங் இறந்துபட்டான். செய்தி கேட்ட தேசிங்கு தன் இளமனைவியுடன் தெற்கே வந்து செஞ்சித் தலைமையை ஏற்றான். அப்போது அவனுக்கு வயது ஏறத்தாழ இருபத்திரண்டு. வந்தவுடனே வழக்கும் வந்தது. ஆர்க்காட்டு நவாபு சாததுல்லாகான், சொரூப்சிங் செலுத்தாது விட்ட பல ஆண்டுத் திறையைக் கேட்டான். ஔரங்கசீப் தன் தந்தைக்கு அளித்த ஆணையே போதிய உரிமை என்றான் தேசிங்கு. ஔரங்கசீப் 1707-லேயே இறந்துவிட்டமையால், புதிய பேரரசனின் உறுதிமொழியின்றி அவ்வுரிமை செல்லாது என்றான் நவாபு. இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. சட்டம் அறிந்தோர் கூடிப் பேசின் தீரக்கூடிய வழக்கே அது. ஆயினும் பேச்சு நின்றது, படை எழுந்தது.

செஞ்சிக்கோட்டையின் வலிமையை ஈண்டு நினைத்தல் வேண்டும். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்து எழுந்த மதில் அதனுடையது. 1677-இல் சிவாசி அதனைக் கைப்பற்றினான். பின்னர் அவன் மகன் இராசாராம் அதனுள் தங்கியிருந்தபோது, முகலாயப் பெரும்படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட வேண்டியதாயிற்று. எட்டாண்டு பகைவரைத் தடுத்த கல்லரண் அது. அதனுள்ளே களஞ்சியம் இருந்தது. சுனைகளும் குளங்களும் இருந்தன. களஞ்சியத்தின் அருகே வளைவுக் கூரையுடன் நிற்கும் கட்டடத்தை உடற்பயிற்சிக்கூடம் என்று இன்றும் காட்டுகின்றனர்.

இத்தகைய அரணுக்குள் காத்திருத்தல் தேசிங்கின் இயல்புக்கு ஒவ்வவில்லை. 1714-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 3-ஆம் நாள், சில நூறு குதிரை வீரரோடு அவன் வெளிப்போந்தான். நவாபின் படையோ பல்லாயிரவரைக் கொண்டது. போருக்கு விடைபெறச் சிங்கவரத்து அரங்கநாதர் திருமுன் அவன் சென்றதாகவும், போகவேண்டா என்பார்போல் அப்பெருமான் முகந்திருப்பிக் கொண்டதாகவும் அந்நாட்டார் கூறுவர். இடையிலே ஆறு பெருக்கெடுத்தோடியது. தேசிங்கு வெள்ளத்தில் குதிரையை விட்டான். அவனைப் பின்தொடர்ந்து கரையேறினோர் சிலரே. வெள்ளம் வடியுமட்டும் பொறுத்திருந்தால் எஞ்சிய படையும் வந்து சேர்ந்திருக்கும். அவன் பொறுத்திலன்.

அவனுடன் நின்று பொருதவன் மகபத்கான் என்னும் முகமதிய நண்பன். தன் திருமணத்தை நடுவில் விட்டு அவன் போர்க்களம் புகுந்தான் என்று கதைப்பாடல் கூறும். அவன் முதலில் வீழ்ந்தான். நண்பன் வீழ்ந்தபின் தேசிங்கு பகைவர் நடுவே புகுந்து வாள்வீசினான். வாளோடு வாள் பொருதால் அவன் வென்றிருத்தல் கூடும். ஆனால் தொலைவிலிருந்து வந்த துப்பாக்கிக் குண்டு அவனை வீழ்த்தியது. ஒரு பகலிலே எல்லாம் முடிந்தது.

பகைவனாயினும் அவன் வீரத்தை நவாபு மதித்தான். உரிய சிறப்புடன் அவன் உடல் எரியூட்டப்பட்டது. கோட்டையிலுள்ள செட்டிகுளத்தின் கரையை அவ்விடமாகக் காட்டுவர். அக்காலத்துக் கொடிய வழக்கப்படி அவன் இளமனைவியும் உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாபு அமைத்த ஊரே இராணிப்பேட்டை என்பது மரபு. அவ்வூர் 2019 முதல் ஒரு மாவட்டத்தின் தலைநகராய் விளங்குகின்றது. மகபத்கானின் கல்லறையைச் செஞ்சிக்கருகேயுள்ள நீலாம்பூண்டியிற் காட்டுகின்றனர். ஒருவன் அரங்கனைத் தொழுதவன். மற்றவன் அல்லாவைத் தொழுதவன். வாழ்விலே பிரியாத இருவரையும் தமிழர் இன்றும் சேர்த்தே பாடுகின்றனர்.

இனி, இவ்வாழ்வை எவ்வாறு எடைபோடுவது? அறிவிலி என்று இகழ்வாரும் உளர். ஈடில்லா வீரன் என்று புகழ்வாரும் உளர். இரண்டும் முழு உண்மையல்ல என்பது எமது கருத்து. வாட்கல்வியின் முதற்படியும் இரண்டாம் படியும் அவனிடம் குறைவற நிரம்பியிருந்தன. அஞ்சாது நின்றான், அயராது பாய்ந்தான், நண்பனைக் கைவிட்டிலன். மூன்றாம் படியாகிய காத்தலைக் கற்க அவனுக்குக் காலம் வாய்க்கவில்லை. எதிரியின் வாள் தன்னைத் தொடும் தொலைவு எது, தொடாத் தொலைவு எது என்று அளந்து, வேளை வருமட்டும் அடி பின்வைத்து நிற்பதைக் கோழைத்தனம் என்று எந்த ஆசானும் சொல்லான். அதனைக் கற்பிக்க அருகில் ஒரு முதியவர் இருந்து, அவர் சொல்லைக் கேட்கும் பொறுமை அவனுக்கும் இருந்திருந்தால், செஞ்சியின் கதை வேறாக முடிந்திருக்கலாம்.

நம் காலத்தில் வாள் உயிர் கொல்லும் கருவியாக இல்லை. சென்னையிற் பிறந்த பவானிதேவி அம்மையார் 2004-ஆம் ஆண்டு பள்ளிச் சிறுமியாய் இக்கலையைத் தொடங்கினார். கருவிகள் விலைமிக்கனவாதலின், நாள்தோறும் மூங்கிற் கழிகொண்டே பயின்றார்; மெய்வாளைப் போட்டிக்கென்று காத்துவைத்தார். 2021-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் வாள் ஏந்தி, அவ்விளையாட்டில் அங்குச் சென்ற முதல் இந்தியர் எனும் பெருமை பெற்றார். முதற்போட்டியில் வென்றார், இரண்டாவதில் தோற்றார். தோல்வியோடு நின்றிலர், மீண்டும் பயின்று 2023-இல் ஆசியப் போட்டியிலே வெண்கலப் பதக்கம் கொண்டார். தோற்றவர் வணங்கிக் கைகொடுத்துத் திரும்பி வந்து மீண்டும் பயிலலாம் என்பதே இக்கால வாட்கல்வியின் பெருங்கொடை. தேசிங்குக்கு அத்தகைய இரண்டாம் ஆட்டம் கிட்டவில்லை.

2025-ஆம் ஆண்டில் செஞ்சிக்கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பெற்றது. இனி உலகத்தார் பலர் அங்கு வருவர். அவன் உயிர்நீத்த வயதை எட்டிக்கொண்டிருக்கும் மாணவராகிய நாமும் ஒருமுறை சென்று வருதல் நன்று. இராசகிரி உச்சியேறி அவன் வீரத்தை வியப்போம். கீழிறங்கி, களஞ்சியத்தருகே உள்ள அப்பயிற்சிக்கூடத்திலும் சிறிது நேரம் நிற்போம். பாய்வதற்குரிய வலிமையை இளமை நமக்குத் தானே தருகின்றது. காத்து நிற்கும் வலிமையை மட்டும் ஆசான்பால் கேட்டே பெறுதல் வேண்டும். அதனைப் பெறுவதற்குரிய காலமும் இதுவே.