தச்சன் கை தந்த வாழ்வு

பிறவியிலேயே இருதயக் கோளாறு; மேனி நீலமாகி மூச்சுத் திணறும் மழலைகள்! அவர்களைக் காக்க வழி கண்டது ஒரு தச்சுத் தொழிலாளியின் கை என்றால் நம்புவீர்களா?

1910-ல் அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத்தவர் விவியன் தாமஸ். படிப்புக்கென்று சேர்த்த பணம் வங்கி முறிந்ததில் போயிற்று. 1930-ல் டாக்டர் பிளாலாக்கின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். செய்தது ஆராய்ச்சி, கிடைத்ததோ துப்புரவாளர் கூலி!

நுரையீரலுக்கு இரத்தம் கூட்டினால் பிள்ளைகள் பிழைப்பர் என்றார் டாக்டர் ஹெலன் டவுசிக் அம்மையார். நாய்களிடம் சோதித்து முறை வகுத்தவர் தாமஸ். 1944 நவம்பர் 29-ல் பால்டிமோரில் முதல் அறுவை. கத்தி பிளாலாக் கையில். பின்னே நின்று வழி சொன்னவர் தாமஸ். ஆனால், அறுவைக்கு அன்று சூட்டிய பெயரில் அவர் இல்லை! 1976-ல்தான் கௌரவ டாக்டர் பட்டம்; 1985-ல் மறைந்தார்.

பட்டமில்லாதவன் என்று பாட்டாளியை ஒதுக்குவோர் இதைப் படிக்கட்டும் என்கிறோம் நாம்!